முதலில் காது, பிறகு நாக்கு, அடுத்து எழுதுகோல்

கும்பகோணத்துக்கு அருகில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். ஆறாம் வகுப்பில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொல்வதை எழுதுதல் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அந்த வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். பெற்றோர் பீகாரிலிருந்து வந்து அரிசி ஆலையில் வேலை செய்பவர்கள். மூன்றாம் வகுப்பிலிருந்தே நம் பள்ளியில் படித்ததால் எழுத்துகள் அனைத்தும் தெரியும். கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும். ஆனால் சொல்வதை எழுதுதல் என்றால் மட்டும் தாள் முழுக்கச் சிவப்பு மை.

‘கொடு’ என்றால் ‘கோடு’ என்று எழுதுவாள். ‘எடு’ என்பது ‘ஏடு’ ஆகும். ‘பழம்’ ‘பலம்’ ஆகும். ஒருநாள் கொள்ளிடத்தில் தண்ணீர் கரைபுரண்டு ஓடியதைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னேன். அவள் ‘ஆற்றில் வெல்லம் வந்தது’ என்று எழுதியிருந்தாள். அதை நான் வாய்விட்டுப் படித்துவிட்டேன். வகுப்பே சிரித்தது. “கவனமா கேட்டு எழுதும்மா” என்று சொல்லி, பத்து முறை எழுதிவரச் சொன்னேன். எழுதிவந்தாள். அடுத்த வாரமும் அதே பிழைதான். ஆனால் அதற்குப் பிறகு அவள் வகுப்பில் வாய் திறந்து படிப்பதை நிறுத்திவிட்டாள். அதைக் கவனிக்கவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

அவளிடம் இருந்தது கவனக்குறைவு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த எண்ணம் மாறியது ஒரு தொலைபேசி அழைப்பில்.

எனக்குக் கேட்காத நான்கு ஒலிகள்

டெல்டாவில் பல வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறார். என் அண்ணன் மகள் அங்கே தொடக்கப் பள்ளியில் படிக்கிறாள். தாய்மொழிப் பாடமாகத் தமிழ் படிப்பதுடன் சீனத் தோழிகளோடு பேசிப் பேசிக் கொஞ்சம் சீனமும் கற்றுக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் ‘மா’ என்ற ஓர் ஓசையை நான்கு விதமாகச் சொல்லிக் காட்டினாள்.

மாண்டரின் சீனத்தில் குரலின் ஏற்ற இறக்கமே சொல்லின் பொருளை மாற்றிவிடும். குரல் உயரத்தில் சமமாக நீண்டால் ‘மா’ என்பது அம்மா. கீழிருந்து மேலே ஏறினால் சணல் போன்ற ஒரு நார்ச்செடி. தாழ்ந்து இறங்கி மீண்டும் எழுந்தால் குதிரை. மேலிருந்து சட்டென்று விழுந்தால் திட்டுதல். மெய்யும் உயிரும் ஒன்றே, சுரம்தான் வேறு.

நான் திரும்பச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். “அத்தை, நீங்க நாலையும் ஒரே மாதிரி சொல்றீங்க!” பிறகு எனக்குத் தேர்வு வைத்தாள். முகத்தை மறைத்துக்கொண்டு இருபது முறை சொன்னாள். எது அம்மா, எது குதிரை என்று நான் சொல்ல வேண்டும். ஏழு சரியாக வந்தது. கேட்காமலே குத்துமதிப்பாகச் சொல்லியிருந்தாலும் ஐந்து வந்திருக்கும்.

நான் கவனக்குறைவாக இல்லை. காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்டேன். ஆனாலும் ஏறும் ஒலி எனக்குக் கேள்வி கேட்பதுபோல இருந்தது. விழும் ஒலி கோபம்போல இருந்தது. இதற்குக் காரணம் உண்டு. தமிழிலும் குரல் ஏறி இறங்குகிறது. ‘சாப்பிட்டாச்சு’ என்பதைக் குரலை ஏற்றிச் சொன்னால் கேள்வி, இறக்கிச் சொன்னால் பதில். ஆனால் ‘சாப்பாடு’ என்ற சொல்லை எந்தச் சுரத்தில் சொன்னாலும் அது சாப்பாடுதான். குரலின் ஏற்ற இறக்கம் என்றால் அது வாக்கியத்துக்கும் உணர்ச்சிக்கும் உரியது என்று என் காது பிறந்தது முதல் பழகியிருக்கிறது. அதே பழக்கத்தில் சீனச் சொல்லையும் கேட்டது.

ஜாக் கேன்டர் என்ற மொழியியலாளர் 1983-இல் இதை ஆராய்ந்து வெளியிட்டார். சீனம், தாய் போன்ற சுரமொழிகளைப் பேசுவோரையும் ஆங்கிலம் பேசுவோரையும் ஒரே ஒலிகளைக் கேட்கச் செய்து ஒப்பிட்டார். சுரமொழிக்காரர்கள் குரல் எந்தத் திசையில் நகர்கிறது என்பதை அதிகம் கவனித்தார்கள். ஆங்கிலக்காரர்களோ குரல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையே அதிகம் கவனித்தார்கள். எல்லோருக்கும் செவித்திறன் ஒன்றுதான். எதைக் கவனிப்பது என்பதைத் தாய்மொழி தீர்மானித்துவிடுகிறது.

சுரமொழி எங்கோ சீனத்தில் மட்டும் இருப்பதன்று. பஞ்சாபியும் மணிப்புரியும் மிசோவும் சுரமொழிகளே. பஞ்சாபியில் குதிரை, சவுக்கு, தொழுநோயாளி ஆகிய மூன்றையும் தமிழில் எழுதினால் ‘கோடா’ என்றே எழுத வேண்டியிருக்கும். அங்கே சுரம்தான் அவற்றைப் பிரிக்கிறது.

அன்று இரவு அந்த மாணவியின் தாள்தான் என் நினைவுக்கு வந்தது. எனக்கு ‘மா’ எப்படியோ அவளுக்குக் ‘கொடு–கோடு’ அப்படி. இந்தியில் நம்முடைய எ, ஒ ஆகிய குறில்கள் தனி உயிர்களாக இல்லை, நெடில்களே உண்டு. ளகரமும் ழகரமும் இல்லை. நான் சொன்னதை அவள் கவனமாகத்தான் கேட்டாள். அவள் காதில் விழுந்ததைச் சரியாகவே எழுதியும் இருக்கிறாள்.

காது பழகும் வயது

ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்டு டீஸும் கனடாவில் நடத்தி 1984-இல் வெளியிட்ட ஆய்வு நம் மொழிகளோடு தொடர்புடையது. இந்தியில் உள்ள பல்லொலித் தகரத்தையும் நாமடி டகரத்தையும் ஆங்கிலக் குடும்பத்துக் குழந்தைகளுக்கு ஒலிக்கச் செய்தார்கள். 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டையும் பிரித்தறிந்தனர். 10 முதல் 12 மாதக் குழந்தைகளில் மிகச் சிலரால் மட்டுமே முடிந்தது. ‘பத்து’, ‘பட்டு’ என்று நாம் சொல்லும்போது நமக்கு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. ஆங்கிலம் மட்டுமே அறிந்த பெரியவருக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகக் கேட்கும்.

குழந்தை பிறக்கும்போது எல்லா மொழிகளுக்குமான காதோடு பிறக்கிறது. முதல் ஆண்டு முடிவதற்குள் வீட்டு மொழிக்குத் தேவையான வேறுபாடுகளில் கூர்மையாகிறது. தேவையில்லாதவற்றைப் பொருட்படுத்தாமல் விடப் பழகுகிறது. வேகமாகப் பேசுவதைப் புரிந்துகொள்ள இந்தப் பழக்கம் தேவை. நம் வகுப்புக்கு வரும் குழந்தை ஐந்து வயதிலேயே தேர்ந்த காதோடுதான் வருகிறது. அது எந்த மொழிக்குத் தேர்ந்த காது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

நம் காதுக்கும் ஒரு சட்டம் உண்டு

தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். தமிழில் வல்லின எழுத்து ஒன்றே, அதன் ஒலி இடத்தைப் பொறுத்து மாறும். ‘கடல்’ என்பதில் உள்ள ககரமும் ‘தங்கம்’ என்பதில் உள்ள ககரமும் ஒலியில் வேறு. மெல்லினத்துக்குப் பின் அது அதிர்ந்து ஒலிக்கும். இரட்டித்தால் அழுத்தமாக, அதிராமல் ஒலிக்கும். கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இதை ஒரு விதியாகவே விளக்கினார்.

இந்த விதி நம் காதில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதற்குப் ‘பேப்பர்’ என்ற சொல்லே சான்று. ஆங்கிலத்தில் அங்கே ஒற்றைப் பகர ஒலிதான். ஆனால் இரு உயிர்களுக்கு இடையே பகரம் அழுத்தமாக ஒலித்தால் அது இரட்டித்தே இருக்க வேண்டும் என்பது தமிழ்க் காதின் சட்டம். ஆகவே ‘ப்ப’ என்று கேட்கிறோம், அப்படியே எழுதுகிறோம். ‘லேட்டு’, ‘பாக்கெட்’ ஆகியவையும் இப்படி வந்தவையே.

ஆங்கில வகுப்பில் ‘பிக்’ என்ற உச்சரிப்பில் பன்றியும் பெரியதும் குழம்புவது, கோட்டும் ஆடும் குழம்புவது எல்லாம் இதனால்தான். தஞ்சைப் பகுதியில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. நாட்டிய வகுப்பில் ‘பாவம்’ என்று சொல்லப்படும் முகபாவமும், ‘ஐயோ பாவம்’ என்பதில் வரும் பாவமும் எழுத்தில் ஒன்று, ஒலியில் வேறு. நாட்டியம் கற்கும் பிள்ளை இரண்டையும் பிரித்துச் சொல்கிறது. எழுத்து காட்டாத வேறுபாட்டையும் காது கற்றுக்கொள்ள முடியும் என்பதற்கு இது சான்று.

டெல்டா வகுப்பறையில் எத்தனை காதுகள்?

தமிழ் கற்றல் சட்டம் 2006-இன்படி 2006–07 கல்வியாண்டில் முதல் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகத் தமிழ் கட்டாயப் பாடமானது. வீட்டில் எந்த மொழி பேசினாலும் எல்லாக் குழந்தைகளும் இப்போது நம்மிடம்தான் தமிழ் எழுதக் கற்கிறார்கள். காவிரிப் படுகையில் வீட்டு மொழிகள் பல. 1532 முதல் 1673 வரை ஆண்ட நாயக்கர் காலத்தில் தெலுங்கு வேரூன்றியது. மெலட்டூர் பாகவத மேளா இன்றும் தெலுங்கில் நடக்கிறது. 1676 முதல் 1855 வரை நீடித்த மராட்டியர் ஆட்சி மராத்தி பேசும் குடும்பங்களைத் தஞ்சையில் விட்டுச் சென்றது. கும்பகோணத்துப் பட்டு நெசவாளர் வீடுகளில் சௌராஷ்டிரம் பேசுகிறார்கள். அண்மைக் காலத்தில் நாற்று நடவுக்கும் ஆலை வேலைக்கும் கட்டட வேலைக்கும் பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து குடும்பங்கள் வருகின்றன.

எந்த வீட்டு மொழிக் குழந்தைக்கு எந்த ஒலி புதிது என்பதை நான் இப்படிக் குறித்து வைத்திருக்கிறேன்:

• தெலுங்கு: எ–ஏ, ஒ–ஓ வேறுபாடும் ளகரமும் உண்டு. ழகரம் புதிது.
• சௌராஷ்டிரம்: குறில் எ, ஒ உண்டு. ழகரம் புதிது.
• மராத்தி: ளகரம், ணகரம் உண்டு. ழகரமும், எ–ஏ, ஒ–ஓ வேறுபாடும் புதியவை.
• இந்தி: எ–ஏ, ஒ–ஓ வேறுபாடு, ளகரம், ழகரம் புதியவை.
• ஒடியா: ளகரம், ணகரம் உண்டு. பேச்சில் இ–ஈ, உ–ஊ நீள வேறுபாடு இல்லாததால் ‘விடு–வீடு’ குழப்பும்.
• வங்காளம்: ளகரம், ழகரம் புதியவை. இங்கும் இ–ஈ, உ–ஊ நீள வேறுபாடு கேட்பது கடினம்.

‘வடக்கிலிருந்து வந்த பிள்ளைகள்’ என்று ஒரே பெயரில் நாம் சொல்லிவிடுகிறோம். பீகார்க் குழந்தைக்கு வரும் பிழையும் ஒடிசாக் குழந்தைக்கு வரும் பிழையும் ஒன்றல்ல. பல ஆண்டுகளாக இங்கே வாழும் குடும்பத்தின் குழந்தைக்கு இந்தப் பிழை வராமலும் இருக்கலாம். ஆகவே மேலே உள்ள பட்டியலை முடிவாகக் கொள்ளாமல், எங்கே தேடுவது என்று காட்டும் குறிப்பாகவே பயன்படுத்துகிறேன்.

மூன்று வகைப் பிழைகள்

இப்போது திருத்துவதற்கு முன் பிழைகளை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன்.

முதலாவது, காதுப் பிழை. வேறுபாடு பேச்சில் இருக்கிறது, குழந்தைக்குக் கேட்கவில்லை. இதற்கு ஐந்து நிமிடத் தேர்வு போதும். ‘கொடு’வுக்கு ஒரு படம், ‘கோடு’க்கு ஒரு படம் மேசையில் வைப்பேன். உதட்டசைவு தெரியாதபடி தாளால் வாயை மறைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பத்து முறை சொல்வேன். குழந்தை படத்தைத் தொட்டால் போதும். ஐந்தாறு மட்டும் சரியாக வந்தால் அது குத்துமதிப்பு; வேறுபாடு கேட்கவில்லை என்று பொருள். எட்டும் அதற்கு மேலும் வந்தால் பெரும்பாலும் கேட்கிறது.

இரண்டாவது, நாக்குப் பிழை. படத்தைச் சரியாகத் தொடுகிறது. சொல்லச் சொன்னால் மாறிவிடுகிறது. இதற்குத் தேவை நாக்குப் பயிற்சி.

மூன்றாவது, எழுத்துப் பிழை. இன்றைய பேச்சில் யாரிடமும் வேறுபாடு இல்லை, எழுத்தில் மட்டும் இருக்கிறது. நம் பகுதிப் பேச்சில் ‘கரை–கறை’, ‘இரை–இறை’ ஆகியவை ஒன்றாகவே ஒலிக்கின்றன. ‘முந்நூறு’ என்ற எண்ணும் ‘முன்னூறு’ என்ற சொல்லும் அப்படியே. இங்கே “காது கொடுத்துக் கேள்” என்று சொல்வது முறையன்று. கேட்பதற்கு அங்கே எதுவும் இல்லை. சொற்குடும்பமும் இலக்கணமுமே வழி. ‘நேத்து’, ‘காத்து’, ‘நாத்து’ என்று பேச்சில் வருபவை எழுத்தில் ‘நேற்று’, ‘காற்று’, ‘நாற்று’ என வருவதைத் தொகுத்துக் காட்டினால் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள். சொல்லின் முதலிலும் தகரத்துக்கு முன்னும் வருவது ந என்ற விதி ந–ன குழப்பத்தில் பெரும்பகுதியைத் தீர்க்கிறது.

ல, ள, ழ இவற்றில் எந்த வகை என்பது நம்மைப் பொறுத்தது. என் வகுப்பு ஒன்றைக் கைப்பேசியில் பதிவு செய்து கேட்டேன். நிதானமாகப் படிக்கும்போது ‘உழவு’ என்கிறேன். வேகமாகப் பேசும்போது அது ‘உளவு’ ஆகிவிடுகிறது. நான் சொல்லாத ஒலியைக் கேட்கவில்லை என்று அந்தப் பெண்ணைக் கடிந்துகொண்டிருக்கிறேன். முதலில் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது என் நாக்கைத்தான்.

வகுப்பில் செய்தவை

பழகிவிட்ட காதை மீண்டும் திறக்க முடியுமா? முடியும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 1991-இல் ஜப்பானியர்களுக்கு ஆங்கிலத்தின் ரகர, லகர ஒலிகளைப் பல பேருடைய குரலில் கேட்கச் செய்து பயிற்றிய ஆய்வு நல்ல பலன் தந்தது. அதே முறையில் யுவே வாங் குழுவினர் சீனம் கற்கும் அமெரிக்கர் 8 பேருக்கு 2 வாரங்களில் 8 பயிற்சிகள் அளித்தனர். 1999-இல் வெளியான முடிவின்படி, சுரங்களைச் சரியாக இனங்காணும் அளவு 21 விழுக்காடு கூடியது. முன்பு கேட்டிராத குரல்களிலும் அவர்களால் இனங்காண முடிந்தது. 6 மாதங்களுக்குப் பிறகும் அது மறையவில்லை. பல குரல்கள், உடனுக்குடன் சரி–தவறு சொல்வது ஆகிய இரண்டும் இந்தப் பயிற்சியின் உயிர்.

பெட்ரீஷியா கூல் 2003-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், 9 மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீனம் பேசுவோர் 12 அமர்வுகள் நேரில் விளையாடினர். அந்தக் குழந்தைகள் சீன மெய்யொலிகளைப் பிரித்தறிந்தன. அதே ஆட்களைத் தொலைக்காட்சியில் பார்த்த குழந்தைகளுக்கு அது வரவில்லை. பள்ளி வயதுக் குழந்தைகள் வேறு என்றாலும், காணொலியைப் போட்டுவிட்டு ஒதுங்கிவிடக் கூடாது என்பதை இதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

என் வகுப்பில் தினமும் பத்து நிமிடம் இவற்றைச் செய்தோம்:

1. ஒன்றா, வேறா? ‘எடு–ஏடு’, ‘எடு–எடு’ என்று இணைகளாகச் சொல்வேன். ஒன்றானால் கை கட்ட வேண்டும்; வேறானால் கை உயர்த்த வேண்டும். எழுத்தே கிடையாது.

2. பல குரல். நான் மட்டும் சொன்னால் என் குரலுக்கே பழகிவிடுவார்கள். மாணவர், மாணவியர், சத்துணவு அமைப்பாளர், உடற்கல்வி ஆசிரியர் என ஆளுக்குப் பத்துச் சொல் சொல்லச் சொன்னோம்.

3. கைத்தாளம். குறிலுக்கு ஒரு தட்டு. நெடிலுக்குக் கையை நீட்டி இழுப்பு. இசை கற்றவர்களின் மூளை சீனச் சுரங்களைத் துல்லியமாகப் பதிகிறது என்று 2007-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. நாகசுரம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு நீளத்தையும் ஏற்றத்தையும் கையால் காட்டுவது எளிதாக வருகிறது.

4. நாக்கு இருக்கும் இடம். தொல்காப்பியம் பிறப்பியலில் இது தெளிவாக இருக்கிறது. நாவிளிம்பு தடித்துப் பல்லின் அடியைப் பொருந்த, நா அண்ணத்தை ஒற்றினால் லகரம், வருடினால் ளகரம். நுனிநா மேலே உயர்ந்து வருடினால் ழகரம். கைக்கண்ணாடி கொடுத்துப் பார்க்கச் செய்தேன்.

5. வயல் சொற்கள். நெல் ‘விளை’ந்தது, நெல் ‘விலை’ போனது. ‘களை’ எடுத்தார்கள், ‘கலை’ நிகழ்ச்சி. வயலுக்குத் ‘தழை’ உரம், நமக்குத் ‘தலை’. கேட்டுத் தேர்ந்தெடுத்து, சொல்லிப் பார்த்து, கடைசியாகத்தான் எழுதினோம்.

அவள் எங்களுக்கு வைத்த தேர்வு

பயிற்சி தொடங்கி இரண்டாம் வாரம், “உன் மொழியில எங்களுக்கு ஒரு சொல் சொல்லும்மா” என்று கேட்டேன். தயங்கித் தயங்கி ‘பல்’ என்று இருமுறை சொன்னாள். ஒன்று கணப்பொழுது, மற்றொன்று பழம். இரண்டாவதில் மூச்சு சேர்ந்து வரும். எங்கள் காதுக்கு இரண்டும் வாயில் உள்ள பல்தான். இரண்டையும் மாற்றி மாற்றிப் பத்து முறை சொன்னாள். வகுப்பில் பெரும்பாலோருக்கு ஐந்தாறுதான் சரி. எனக்கு ஆறு. பத்துக்குப் பத்து எடுத்தவன் நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவன். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுபவன்; அந்த மொழியிலும் மூச்சொலிகள் உண்டு. உதட்டுக்கு முன் மெல்லிய தாளைப் பிடித்துக்கொண்டு அவள் சொல்லிக் காட்டியபோதுதான் எங்களுக்குப் புரிந்தது. பழம் என்ற சொல்லுக்குத் தாள் ஆடியது.

“டீச்சர், நீங்களும் தப்பு!” என்றாள். இந்த முறை வகுப்பு சிரித்தபோது அவளும் சேர்ந்து சிரித்தாள். மறுநாள் பாடம் படிக்கக் கை உயர்த்தினாள்.

அந்த ஆண்டு முடிவதற்குள் எ–ஏ, ஒ–ஓ குழப்பம் அவளிடம் ஏறத்தாழ மறைந்துவிட்டது. ல–ள பாதிக்கு மேல் சரியானது. ழகரம் மட்டும் எழுத்தில் அவ்வப்போது தவறியது. படிக்கும்போது நன்றாகவே வந்தது.

அடுத்த முறை சொல்வதை எழுதுதல் தாளைத் திருத்தும்போது, ஒரே வகைப் பிழை மூன்று முறை வந்திருந்தால் சிவப்பு மையை ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் குழந்தையிடம் வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு படங்களை வைத்து ஐந்து நிமிடத் தேர்வையும் செய்துபாருங்கள். உங்கள் பகுதியில் வேறு வீட்டு மொழிகள் இருந்தால், எந்த ஒலிகள் குழம்புகின்றன என்று ஒரு பட்டியல் தயாரித்துக் குறுவளமையக் கூட்டத்தில் பகிர்ந்துகொள்ளலாம். அந்தப் பிள்ளை அடுத்த ஆண்டு வேறொரு பள்ளிக்குப் போனாலும், அங்குள்ள ஆசிரியருக்கு அது கைகொடுக்கும்.